நிழலுக்கு ஒரு சட்டம்

சேலத்தை ஒரு சட்டி என்று சொன்னால் ஊர்க்காரர்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. வடகிழக்கில் ஏற்காட்டைத் தலையில் சுமந்து நிற்கும் சேர்வராயன் மலை. நடுவில் நாங்கள். பங்குனி கழிந்ததும் சட்டிக்கு அடியில் யாரோ அடுப்பை மூட்டி விடுகிறார்கள். வசதி உள்ளவர்கள் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறுகிறார்கள். வசதி இல்லாதவர்கள் வேலைக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வெயிலைத் திட்டுகிறோம்.

2024ஆம் வருஷம் திட்டுவதோடு நிற்காமல் ஒரு காரியம் செய்தேன். மாடியில் எழுதுவதற்கென்று ஓர் அறை கட்டத் தொடங்கினேன். தெற்கிலும் கிழக்கிலும் ஜன்னல், மேலே உயரமான தளம், மத்தியான்னத்தில்கூடக் காற்று வர வேண்டும் என்று வெகு நாளாக மனத்துக்குள்ளேயே கட்டி வைத்திருந்த அறை அது. வைகாசியில் ஒரு முகூர்த்தம் பார்த்தாயிற்று. அதற்குள் முடிய வேண்டும் என்று மேஸ்திரியை நெருக்கினேன். அவர் நாமக்கல் பக்கத்து மனிதர், நல்லவர், யார் நெருக்கினாலும் நெருங்கிக் கொடுப்பவர்.

தளம் போடும் நாள் ஏப்ரல் கடைசி வாரத்தில் வந்து சேர்ந்தது. அந்த மாதம் சேலத்தில் பாகைமானி பல நாள் 40ஐத் தாண்டி நின்றது பலருக்கு நினைவிருக்கும். “கத்திரி பிறக்க இன்னும் ஒரு வாரம் கெடக்குதுங்க, பயமில்லீங்க” என்றார் மேஸ்திரி. பஞ்சாங்கத்துக்குத் தெரிந்தது சூரியனுக்கும் தெரிந்திருக்கும் என்று நானும் நம்பினேன்.

தளம் போடுகிற வேலைக்கு ஒரு குணம் உண்டு. தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் போட்ட கலவை இறுகிவிடும். பிறகு போடுவது அதோடு ஒட்டாது. அடுத்த ஐப்பசியில் அந்த மூட்டு வழியாக மழை உள்ளே வந்து எட்டிப் பார்க்கும். ஆகவே விடியற்காலை ஆறு மணிக்கே தொடங்கிப் பதினொன்றுக்குள் முடிப்பதாக ஏற்பாடு. ஆனால் வாடகைக்குச் சொல்லியிருந்த கலவை மெஷின் ஒன்பதரைக்குத்தான் வந்தது. அன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆட்கள் வந்துவிட்டார்கள், கம்பி கட்டியாகிவிட்டது, முகூர்த்தம் நெருங்குகிறது. “நடத்துங்கள்” என்றேன்.

பதினான்கு பேர். அவர்களில் எட்டுப் பேர் சித்தாள் பெண்கள். கீழிருந்து மாடி வரை சாரத்தில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருக்கவில்லை. வெட்டிவேர் போட்ட மண்பானைத் தண்ணீர் வைத்தேன். பதினோரு மணிக்கு நீர்மோர் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். கொத்தமல்லி, இஞ்சி எல்லாம் போட்ட மோர். ‘எந்த வீட்டில் இப்படிச் செய்கிறார்கள்?’ என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு மதிப்பு உண்டாயிற்று.

ஒரு மணி சுமாருக்கு, சாரத்தின் தலைப்பில் நின்றிருந்த பெண் சட்டியை வாங்காமல் கையைக் கீழே போட்டாள். சட்டி விழுந்தது. அவளும் அப்படியே உட்கார்ந்து, பிறகு படுத்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். கண் செருகியிருந்தது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஏதோ பேர் சொல்லி யாரையோ கூப்பிட்டாள். “காக்கா வலிப்புங்க, கையிலே இரும்பைக் குடுங்க!” என்று ஒருவன் கத்தினான். நான் பதற்றத்தில் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

என் மனைவிக்கு என்னைவிடப் புத்தி அதிகம். “இரும்பும் வேண்டாம், எதுவும் வேண்டாம், கீழே கொண்டுவாருங்கள்” என்று கூடத்தில் படுக்கவைத்து, குடம் குடமாகத் தண்ணீரை மேலே கொட்டி, மின்விசிறியைப் போட்டாள். பிறகு ஆட்டோ, ஆஸ்பத்திரி, இரண்டு பாட்டில் உப்புத் தண்ணீர். “இன்னும் அரை மணி போயிருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டீர்களா?” என்றார் டாக்டர். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பானையையும் வெட்டிவேரையும் இஞ்சியையும் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன்.

சாயங்காலம் அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு என் மனைவி கேட்டாள்: “ஏம்மா, பானை நிறையத் தண்ணீர் இருந்ததே, குடிக்கவில்லையா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் வெளியே போனேன். பிறகு சொன்னாளாம்: “மோரு ஒரு வாய் குடிச்சேனுங்கம்மா. அதுக்கு மேலே குடிச்சா எங்கேங்கம்மா போறது? ஆம்பிளைங்க எங்கயாச்சும் ஒதுங்கிக்குவாங்க. நாங்க பொழுது சாயற மட்டும் அடக்கிக்கிட்டுத்தானே இருக்கோணும்.”

என் வீட்டுக் கொல்லையில் ஒரு கழிப்பறை இருக்கிறது. பழைய நாளில் கட்டியது. அதில் கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் வைத்திருந்ததால் வேலை நடக்கிற நாளில் பூட்டி வைத்திருந்தேன். அதன் சாவி நான் அவள் கையில் திணித்த கொத்தில்தான் இருந்தது.

அன்று கூலி கொடுக்கும்போது அவளுக்குப் பாதி நாள் கணக்குப் போட்டார் மேஸ்திரி. “மத்தியானத்துக்கு மேலே வேலை செய்யலீங்களே” என்றார். அது அவருடைய கொடுமை அல்ல. அவர் தொழிலின் கணக்கு. நான் முழுக் கூலியும் மேற்கொண்டும் கொடுத்தேன். அவள் இரண்டு கையையும் கூப்பி, “நல்லா இருக்கோணும் சாமி” என்றாள். அந்தக் கும்பிடு எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை.

என் நண்பர் ஒருவர் தொழிற்சாலை இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்க் கேட்டேன்: “இதற்கெல்லாம் ஒரு சட்டம் கிடையாதா?”

“எதற்கு? வெயிலுக்கா, உமக்கா?” என்றார்.

பிறகு நிதானமாக விளக்கினார். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 13ஆம் பிரிவு வெக்கையைப் பற்றியது. வேலை செய்யும் ஒவ்வோர் அறையிலும் காற்றோட்டம் வேண்டும். தொழிலாளிக்கு நியாயமான சௌகரியம் கிடைக்கும்படியும் உடம்புக்குக் கெடுதல் வராதபடியும் உஷ்ணத்தை வைத்துக்கொள்ள வேண்டும். சுவரும் கூரையும் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். உலை போன்றவற்றை மற்ற இடத்திலிருந்து பிரித்து மறைக்க வேண்டும். 18ஆம் பிரிவு குடிதண்ணீரைப் பற்றியது. பானையின் மேல் தொழிலாளிகளுக்குப் புரிகிற பாஷையில் ‘குடிதண்ணீர்’ என்று எழுத வேண்டும் என்பது வரையில் சொல்லியிருந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடமானால் கோடையில் தண்ணீரைக் குளிர வைத்தும் கொடுக்க வேண்டும்.

“நல்ல சட்டமாகத்தானே இருக்கிறது?” என்றேன்.

“நல்ல சட்டந்தான். ஆனால் அதில் ‘அறை’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது, கவனித்தீரா? நாளைக்கு என்னோடு வாரும்.”

மறுநாள் என்னை ஒரு ஜவ்வரிசி ஆலைக்கு அழைத்துப் போனார். எங்கள் பக்கத்தில் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது வெளிநாட்டு ஜவ்வரிசி வருவது நின்று போனதில் சேலத்தில் பிறந்த தொழில் இது. கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மாவைக் குருணையாக உருட்டி, சூடான தட்டில் வறுத்து, கடைசியில் சிமெண்டுக் களத்தில் கொட்டி வெயிலில் காயப் போடுகிறார்கள். அந்தக் களத்தைப் பார்த்தால் கண் கூசும். கீழே சிமெண்டு, அதன் மேல் பால் போல் வெள்ளை, அதன் மேல் வெயில். தலைக்கு மேலிருந்து அடிக்கிற வெயிலும் தரையிலிருந்து எழும்புகிற வெயிலுமாக இரட்டை வெயில். நடுவில் பெண்கள் மரப்பலகையால் குருணையைத் தள்ளித் தள்ளிப் புரட்டிக்கொண்டே போகிறார்கள்.

“இந்தக் களம் ஆலைக்குள் இருக்கிறது. ஆனால் இதற்குச் சுவர் இல்லை, கூரை இல்லை. ஆகவே அறை இல்லை. உலைக்குப் பக்கத்தில் நிற்பவனை நினைத்து எழுதிய பிரிவு அது. வெக்கை அடுப்பிலிருந்து வந்தால் சட்டத்துக்குத் தெரியும். ஆகாயத்திலிருந்து வந்தால் தெரியாது” என்றார் நண்பர்.

ஆலை முதலாளியும் கூட இருந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமலில்லை. “மத்தவங்களுக்கு வெயில் தொந்தரவுங்க. எங்களுக்கு அதுதான் சரக்கு. பன்னெண்டிலிருந்து மூணு வரைக்கும் களத்தை மூடுன்னா, நெல்லுக்காரனைப் பார்த்துத் தண்ணியை மூடுன்னு சொல்ற மாதிரிங்க” என்றார். வெயிலைத் தடுக்க முடியாத இடத்தில் ஆளை வெயிலிலிருந்து அவ்வப்போது விலக்கத்தானே வேண்டும்? புரட்டுகிற வேலை இடைவிடாத வேலை அல்ல. ஒரு தடவை புரட்டினால் சிறிது நேரம் காய வேண்டும். அந்த நேரத்தில் நிற்பதற்குக் களத்தின் ஓரத்தில் நான்கு கால் நட்டு ஒரு கீற்றுக் கொட்டகை போட முடியாதா? இதைக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “போடலாமுங்க. யாரும் போடச் சொல்லலீங்க” என்றார்.

அந்த வாக்கியம் என்னோடேயே வந்தது. யாரும் போடச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணைக்காரரைப் பார்க்க வேண்டியிருந்தது. முட்டை நாமக்கல்லின் செல்வம் என்பது யாவரும் அறிந்தது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெக்கை ஏறினால் வாயைத் திறந்து இளைக்கும். இளைக்க இளைக்க ரத்தத்தில் இருக்கும் கரியமிலவாயு வெளியே போய்விடுகிறது. அதனால் முட்டை ஓட்டுக்கு வேண்டிய சத்துக் குறைந்து ஓடு மெலிந்துவிடுகிறது. ஆகவே கோடை வந்ததும் பண்ணைக்காரர்கள் கூரைக்கு வெள்ளையடிக்கிறார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள், தீனியை வெயில் தாழ்ந்த வேளைக்கு மாற்றுகிறார்கள், குடிக்கும் தண்ணீரில் உப்புச் சத்துக்களைக் கலக்கிறார்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வரும் நாட்களின் வெப்பத்தைச் சொல்லி இன்னின்னபடி செய்யுங்கள் என்று யோசனையும் கொடுக்கிறது. இதில் பரிகாசம் செய்ய ஒன்றுமில்லை. கோழியை அப்படித்தான் காப்பாற்ற வேண்டும். ஆனால் கோழி வாடினால் மறுநாள் காலையில் முட்டைக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. சித்தாள் வாடினால் எந்தக் கணக்கில் தெரிகிறது? பாதி நாள் கூலி என்ற கணக்கில்தான்.

வெக்கையை அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1957ஆம் வருஷமே அமெரிக்காவில் யாக்லோ, மினார்ட் என்ற இருவர், பயிற்சியின்போது சுருண்டு விழுந்த சிப்பாய்களுக்காக ஒரு கணக்கு வகுத்து வெளியிட்டார்கள். ஈரத்துணி சுற்றிய பாகைமானிக்கு ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருக்கும் பாகைமானிக்கு இரண்டு பங்கு, சாதாரணப் பாகைமானிக்கு ஒரே ஒரு பங்கு. ஈரத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், மனிதன் பிழைப்பதே வியர்வை காய்வதனால்தான். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. வானொலியில் சொல்கிற 40, 41 என்ற எண் கதையில் பத்தில் ஒரு பங்குதான்.

கத்தார் தேசத்தில் 2021ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்தக் கணக்கு 32.1ஐத் தாண்டினால் வேலையை நிறுத்தியாக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் நடு வரையில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலையே கூடாது. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போய்க் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தேசங்களில் தொழிலாளி பட்ட கஷ்டங்கள் உலகம் அறிந்தவை; பலர் உயிரைக் கொடுத்த பிறகு வந்த சட்டந்தான் இது. ஆனாலும் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் கோடை முற்றினால் தொழில் இலாகா ஒவ்வொரு வருஷமும் உத்தரவு போடுகிறது: பகல் 12 முதல் 3 வரை நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. வாளையாறு கணவாய்க்கு அந்தப் பக்கம் கடிகாரத்தில் இருக்கிற பன்னிரண்டு மணி இந்தப் பக்கம் இல்லை.

நம் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அபாண்டம். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டம் செய்தார்கள். உட்காருவதற்குக்கூடச் சட்டமா என்று சிரித்தவர்கள் உண்டு. ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் நின்ற கால்கள் சிரிக்கவில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள். அதனால் மாண்டவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் கிடைக்கும். இதையும் வரவேற்க வேண்டியதுதான். ஆனால் என் வீட்டுச் சாரத்தில் விழுந்தவள் செத்திருந்தால் 4 லட்சத்துக்கு உரியவள். பிழைத்ததனால் பாதி நாள் கூலிக்கு உரியவள் என்று ஆகிறது. சாவுக்கு விலை சொல்லிய சட்டம் அதற்கு முந்திய அரை மணி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

கட்டடத் தொழிலாளருக்கென்றே 1996இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. அதில் குடிதண்ணீர் உண்டு, கழிப்பிடமும் உண்டு. சந்தோஷத்தோடு நண்பரிடம் போனேன். “அந்தச் சட்டம் உமக்குப் பொருந்தாதே! சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்ச ரூபாய்க்கு மேற்படாமல் கட்டுகிறவனை விட்டுவிட்டார்கள். உம்முடைய அறை எவ்வளவு?” என்றார். ஆறரை லட்சம். 2025 நவம்பர் 21ஆம் தேதி பழைய தொழிற் சட்டங்கள் பலவற்றை ஒன்று சேர்த்த நான்கு தொகுப்புகள் அமலுக்கு வந்த பிறகு அந்த வரம்பு 50 லட்சமாக உயர்ந்திருக்கிறது. தொழிற்சாலை என்பதற்கு மின்சக்தியோடு 10 பேர் என்று இருந்த கணக்கு 20 ஆகியிருக்கிறது. மின்சக்தி இல்லாத இடத்துக்கு 20 என்பது 40. காற்று, உஷ்ணம் பற்றிய விவரங்களை விதிகளுக்கு விட்டிருக்கிறார்கள். ஆலை சின்னதானால் வெயிலும் சின்னதாகிவிடுமா என்று நண்பரைக் கேட்டேன். ஓய்வு பெற்றவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றார்.

நம் முன்னோர்கள் தண்ணீர்ப் பந்தல் வைத்தார்களே, அதற்கு நிலம் எழுதி வைத்துக் கல்லிலும் வெட்டினார்களே, அந்தத் தர்மம் போதாதா என்று சிலர் கேட்கலாம். நானும் பந்தல்காரன்தான், வெட்டிவேர் போட்டவன்தான். தர்மத்தில் ஒரு குறை இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். கொடுக்கிறவனுக்குத் தோன்றியதைத்தான் அது கொடுக்கும். எனக்கு மோர் தோன்றிற்று, கழிப்பறை தோன்றவில்லை. வெக்கையில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபாலும் அவரைச் சேர்ந்தவர்களும் பல வருஷங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். கழிப்பிடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருந்து நோயை வாங்கிக்கொள்ளும் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்ததில், கடும் வெக்கையில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு இரு மடங்கு என்று கண்டார்கள். இவையெல்லாம் அச்சில் இருக்கிற சங்கதிகள். நான் படித்திருக்கவில்லை. நான் படிக்காவிட்டாலும் என்னைச் செய்ய வைக்க ஒரு சட்டம் இருந்திருந்தால் அவள் என்னிடம் கேட்டிருக்கலாம். தர்மத்தைக் கேட்டு வாங்க முடியாது. கொடுத்தால் கும்பிடத்தான் முடியும். எனக்கு வந்த கும்பிடு ஏன் ஜீரணமாகவில்லை என்பது இப்போது தெரிகிறது. அவளுக்குச் சேர வேண்டியதை நான் தானமாகக் கொடுத்துவிட்டேன்.

சட்டம் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் வயதை நான் கடந்துவிட்டேன். 1937இல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததே எங்கள் சேலம் ஜில்லாவில்தான். அதற்குப் பிறகு இந்த ஊரில் யாருமே குடிக்கவில்லை என்று ராஜாஜியே நம்பியிருக்க மாட்டார். ஆனாலும் குடிகாரன் பெண்டாட்டி, ‘இது தப்பு என்று சர்க்காரே சொல்லியிருக்கிறது’ என்று தலை நிமிர்ந்து சொல்ல ஒரு வார்த்தை கிடைத்தது. வெயிலில் நிற்கிறவளுக்கும் அப்படி ஒரு வார்த்தை வேண்டும். எத்தனை மணிக்கு நிழல், எத்தனை தூரத்தில் தண்ணீர், எங்கே கழிப்பிடம், அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்று எண்ணோடு எழுதிய வார்த்தை. ‘நியாயமான சௌகரியம்’ என்று எழுதினால் அது யாருடைய நியாயம் என்ற கேள்வி வந்துவிடும்.

2025 மே மாதத்தில் சுற்றுச்சுவரில் ஒரு பகுதி இடிந்து, மறுபடி வேலை வந்தது. அதே மேஸ்திரி. காலை 6 முதல் 11 வரை, பிறகு 4 முதல் 6.30 வரை வேலை, முழு நாள் கூலி என்று சொன்னேன். தலையைச் சொறிந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவரே வந்து, “வேலை ஒண்ணும் கொறையலீங்க. முந்தி மத்தியானத்துக்கு மேலே கை ஓடாதுங்க, இப்போ ஓடுதுங்க” என்றார். அடுத்த வீட்டு வேலையில் இப்படிச் செய்வீரா என்று கேட்டேன். “வீட்டுக்காரங்க சொல்லோணுமுங்க” என்றார்.

அந்தப் பெண்ணும் வந்திருந்தாள். கொல்லைக் கழிப்பறையிலிருந்து கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்து வெளியே வைத்துவிட்டேன். முதல் நாள் அவள் அந்தக் கதவருகே போய்ப் பூட்டு இல்லாததைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து பானையிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு முழுக்கக் குடித்தாள். என்னைப் பார்த்துக் கும்பிடவில்லை.